கிருமி ஒன்றுதான், பரவல் ஏன் ஒன்றாக இல்லை?

கேள்வி இது: "பெருந்தொற்று என்றாலே சமூகக் காரணம், அரசியல் காரணம் என்று பேசுகிறார்கள். வைரஸுக்கு அரசியல் தெரியுமா? மூச்சிலும் தண்ணீரிலும் பரவுகிற ஒன்றில் சமூகத்துக்கும் ஆட்சிக்கும் நிஜமாகவே எவ்வளவு பங்கு?"

நியாயமான சந்தேகம்தான். கிருமிக்கு அரசியல் தெரியாது. ஆனால் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்று தொற்றியலாளர்கள் கணக்குப் போடும்போது நான்கு எண்களைப் பெருக்குகிறார்கள். பரப்பும் நிலையில் அவர் எத்தனை நாள் மற்றவர்களோடு கலந்திருக்கிறார். ஒரு நாளில் எத்தனை பேரை நெருங்குகிறார். ஒவ்வொரு நெருக்கத்திலும் தொற்றிக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு. நெருங்கியவர்களில் எத்தனை பேருக்கு எதிர்ப்பாற்றல் இல்லை. இவற்றில் மூன்றாவது எண்ணைத்தான் கிருமி தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் முழுதாக அல்ல, ஜன்னல் இல்லாத அறையில் அந்த வாய்ப்பு கூடிவிடுகிறது. மற்ற மூன்றும் கூலி, வீடு, சட்டம், தடுப்பூசி கிடைத்த வரிசை இவற்றின் கையில் இருக்கின்றன.

1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். திட்டம்போட்டு நடத்தினால்கூட இவ்வளவு துல்லியமான சோதனை அமையாது. ஹாம்பர்க் நகரமும் ஆல்டோனா நகரமும் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லையோரத்தில் ஒரே தெருவின் ஒரு பக்கம் ஹாம்பர்க், எதிர்ப்பக்கம் ஆல்டோனா. இரண்டுக்கும் குடிநீர் எல்பே ஆற்றிலிருந்துதான். சொல்லப்போனால் ஆல்டோனாவின் நிலைமை மோசம். ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகுதான் ஆறு அங்கே போய்ச் சேரும். ஆனால் ஆல்டோனா, பிரஷ்ய அரசின் கீழ் இருந்த ஊர், தண்ணீரை மணல் வடிகட்டியில் விட்டுத்தான் குழாய்க்கு அனுப்பியது. ஹாம்பர்க் அப்படியே அனுப்பியது. அந்த ஆகஸ்டில் காலரா வந்தபோது ஹாம்பர்க்கில் சில வாரங்களுக்குள் 8,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஆல்டோனா ஏறக்குறையத் தப்பித்துவிட்டது. எல்லைத் தெருவில் ஒரு பக்க வீடுகளில் சாவு, எதிர்ப்பக்க வீடுகளில் இல்லை.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து அப்போது எட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹாம்பர்க் பணக்கார நகரமும்கூட. அப்படியிருந்தும் வடிகட்டி ஏன் இல்லை? அது வணிகர்களும் வீட்டு உரிமையாளர்களும் ஆண்ட தன்னாட்சி நகரம். வாக்குரிமை வசதி உள்ள சிறுபான்மையிடம் இருந்தது. வடிகட்டி கட்டினால் வரி கூடும், அந்த வரியைக் கட்டவேண்டியவர்களே மன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காலரா தண்ணீரால் வருவதில்லை, மண்ணிலிருந்து எழும் நச்சுக்காற்றால் வருகிறது என்று சொன்ன ஒரு மருத்துவக் கொள்கையும் அவர்களுக்குத் தோதாகக் கிடைத்தது. செலவு வைக்காத அறிவியலுக்கு எந்தக் காலத்திலும் ஆதரவாளர்கள் கிடைப்பார்கள். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த சந்துகளைச் சுற்றிப் பார்த்த கோக், தான் ஐரோப்பாவில் இருப்பதையே மறந்துவிட்டதாகச் சொன்னார்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வடிகட்டியைவிட, நோய் வந்துவிட்டது என்று அறிவிப்பதில் நகர நிர்வாகம் காட்டிய தயக்கம். ஹாம்பர்க் துறைமுக நகரம். காலரா என்ற சொல்லை உச்சரித்தால் உலகத்தின் எல்லாத் துறைமுகங்களும் அதன் கப்பல்களை நிறுத்திவைக்கும். மருத்துவர்கள் சந்தேகப்பட்ட பிறகும் விலைமதிப்பற்ற நாட்கள் கழிந்தன. அந்த நாட்களில் ஊர் முழுவதும் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

என் பதிலின் மையம் இதுதான். சமூக, அரசியல் காரணங்கள் என்று பத்துப் பதினைந்து அம்சங்களை அடுக்கலாம், பாடநூல்கள் அடுக்கவும் செய்கின்றன. நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்ப்பேன். "இங்கே நோய் இருக்கிறது" என்று சொல்கிறவருக்கு அடுத்து என்ன நேர்கிறது? சொல்வது ஒரு தொழிலாளியாக இருக்கலாம், மருத்துவராக, நகரமாக, ஒரு நாடாகவும் இருக்கலாம். சொன்னால் நஷ்டம் என்றால் மறைப்பார்கள். மறைத்த ஒவ்வொரு நாளும் முதல் எண்ணை, அதாவது நோயாளி மற்றவர்களோடு கலந்திருக்கும் நாட்களை, கூட்டும்.

அரசுகள் மறைத்த கதைக்குப் பஞ்சமே இல்லை. 1918 ஃப்ளூவுக்கு 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்ற பெயர் வந்ததே அப்படித்தான். முதல் உலகப் போரில் ஈடுபட்ட நாடுகளின் பத்திரிகைகளைத் தணிக்கை கட்டிப்போட்டிருந்தது. படையினரின் மன உறுதி குலையக்கூடாதாம். போரில் சேராத ஸ்பெயினில் பத்திரிகைகள் எழுதின. எழுதிய நாட்டின் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, நகரத்தில் ஃப்ளூ பரவிக்கொண்டிருந்தது தெரிந்தும், போர்க் கடன் பத்திரம் விற்க அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா ஊர்வலம் நடத்தியது. ஏறத்தாழ 2 லட்சம் பேர் கூடினார்கள். சில நாட்களிலேயே மருத்துவமனைகள் நிரம்பின, பிணங்களைப் புதைக்க ஆளில்லை. செயின்ட் லூயிஸ் நகரம் அக்டோபர் தொடக்கத்தில், முதல் நோயாளிகள் தெரியவந்த ஓரிரு நாட்களில், பள்ளிகளையும் திரையரங்குகளையும் மூடியது. அங்கே இறப்பு விகிதம் மிகவும் குறைவு. கிருமி இரண்டு ஊர்களிலும் ஒன்றுதான்.

பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவுகளின் கதை இன்னும் கொடுமையானது. மேற்குச் சமோவா நியூசிலாந்தின் நிர்வாகத்தில் இருந்தது. ஆக்லாந்திலிருந்து கிளம்பிய டாலுன் என்ற கப்பல் 1918 நவம்பர் 7 அன்று நோயாளிகளோடு ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. யாரையும் தடுத்து நிறுத்தாமல் இறக்கிவிட்டார்கள். ஏறத்தாழ 8,500 பேர் இறந்தார்கள். மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைக் கண்டிப்பாகத் தனிமைப்படுத்தினார். தீவு மக்களே கரையைக் காவல் காத்தார்கள். அங்கே அந்த ஃப்ளூவால் ஒருவர்கூட இறக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே தட்பவெப்பம். வேறுபட்டது நிர்வாகம் மட்டும். 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவாவுக்கு நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார்.

இனி, அரசிடம் உண்மையைச் சொல்லவேண்டிய மருத்துவர். 2003 ஏப்ரலில் சீனாவின் சுகாதார அமைச்சர் சார்ஸ் என்ற சுவாச நோய் கட்டுக்குள் இருக்கிறது என்றார். ஜியாங் யான்யோங் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அறுவை மருத்துவர், பெய்ஜிங் மருத்துவமனைகளில் தானறிந்த எண்ணிக்கை அதைவிடப் பலமடங்கு என்று ஊடகங்களுக்கு எழுதினார். ஏப்ரல் 20 அன்று பெய்ஜிங்கின் அதிகாரபூர்வ எண்ணிக்கை 37இலிருந்து 339 ஆனது. அமைச்சரும் நகர மேயரும் பதவி இழந்தார்கள். ஒரே நாளில் நோய் ஒன்பது மடங்கு பெருகவில்லை, சொல்வதற்கான தடை விலகியது, அவ்வளவே. பாடம் கற்றுக்கொண்டார்களா? 2019 டிசம்பர் கடைசியில் வூஹானில் கண் மருத்துவர் லி வென்லியாங் சக மருத்துவர்களை எச்சரித்தார். சில நாட்களில் காவல்துறை அவரை அழைத்து, வதந்தி பரப்பியதாகக் கண்டித்துக் கையெழுத்து வாங்கியது. பிப்ரவரியில் அவரே கோவிட் நோய்க்குப் பலியானார்.

பாடம் கற்ற நாடு உண்டா என்றால் தென்கொரியாவைச் சொல்வேன். 2015இல் மெர்ஸ் என்ற சுவாச நோய் வந்தபோது, நோயாளிகள் இருந்த மருத்துவமனைகளின் பெயரை அரசு வெளியிட மறுத்தது. மருத்துவமனைகளின் வருமானம் பாதிக்குமே! எந்த மருத்துவமனையில் ஆபத்து என்று தெரியாமல் மக்கள் போய்வந்தார்கள், நோய் வார்டுக்கு வார்டு நகர்ந்தது. 186 பேருக்குத் தொற்று, 38 பேர் சாவு. எழுந்த கோபத்தில் சட்டத்தையே திருத்தினார்கள். 2020இல் அதே நாடு வேகமான பரிசோதனைக்கும் வெளிப்படையான தகவலுக்கும் பெயர் வாங்கியது.

அந்த வெளிப்படைத்தன்மைக்கும் ஒரு விலை இருந்தது. நோயாளி எங்கெங்கே போனார் என்று அரசு விவரமாக வெளியிட, அக்கம்பக்கத்தார் ஆளை அடையாளம் கண்டு ஏசத் தொடங்கினார்கள். 2020 மே மாதம் சியோலின் இத்தேவோன் பகுதியில் இரவு விடுதிகளில் தொற்று பரவியது. சில விடுதிகள் தன்பால் ஈர்ப்பாளர்கள் கூடுமிடங்கள் என்று ஊடகங்கள் எழுதிவிட்டன. பரிசோதனைக்குப் போனால் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் தெரிந்துவிடும் என்ற பயத்தில், அதிகாரிகள் அழைத்தபோது ஆயிரக்கணக்கானோர் தொலைபேசியை எடுக்கவில்லை. மிரட்டிப் பயனில்லை என்று சியோல் நகராட்சி புரிந்துகொண்டது. பெயர் வேண்டாம், தொலைபேசி எண் மட்டும் போதும் என்று அறிவித்தது. பரிசோதனைக்கு வருவோர் எண்ணிக்கை தாவி ஏறியது. ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை எடுத்துவிட்டதால் நோய்ச் சங்கிலி அறுபட்ட கதை இது. ஒதுக்குதலும் பழிசுமத்தலும் ஒழுக்கக் குறைபாடு மட்டுமல்ல, பரவல் கணக்கில் நேரடியாகச் சேரும் எண்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

கூலியும் இதே கணக்குதான். காய்ச்சல் என்று வீட்டிலிருந்தால் அன்றைய சம்பளம் போகும், சில இடங்களில் வேலையே போகும் என்றால், மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருவதுதான் அந்த மனிதருக்குப் புத்திசாலித்தனம். அவரைப் பொறுப்பற்றவர் என்று திட்டுவது சுலபம். அமெரிக்காவில் 2020 மார்ச்சில் கோவிட் நோயாளிகளுக்கு இரண்டு வாரச் சம்பளத்தோடு விடுப்பு தரும் அவசரச் சட்டம் வந்தது. அந்த உரிமையைப் புதிதாகப் பெற்ற மாநிலங்களில் தொற்று குறைந்ததை ஆய்வுகள் காட்டின. ஆனால் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பெரிய இறைச்சி ஆலைகள் பலவும் அந்த விலக்குக்குள் வந்தன, அங்கேதான் தொற்று கொத்துக்கொத்தாக வெடித்தது. ஜெர்மனியின் குட்டர்ஸ்லோ மாவட்டத்தில் அதே 2020 ஜூன் மாதம் ஒரே இறைச்சி ஆலையில் 1,500 பேருக்கு மேல் தொற்று. பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள், நெரிசலான விடுதிகளில் தங்கியவர்கள். 2021 தொடக்கத்திலிருந்து இறைச்சித் துறையின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழில்முறையையே ஜெர்மனி தடைசெய்தது. தொழிலாளர் சட்டம் ஒன்று நோய்த்தடுப்பு நடவடிக்கையாக வந்தது.

இதுவரை மறைக்கப்பட்ட நோயைப் பற்றிப் பேசினேன். இன்னொரு வகை உண்டு: யாரும் மறைக்கவில்லை, ஆனால் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. 2020 தொடக்கத்தில் சிங்கப்பூரை உலகமே பாராட்டியது. நோயாளியை நெருங்கியவர்களைத் தேடிப்பிடிக்கும் தொடர்பறிதல் அவ்வளவு கச்சிதம். ஏப்ரலில் புலம்பெயர் தொழிலாளர் விடுதிகளில் தொற்று வெடித்தது. ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், சில இடங்களில் இருபது பேர்கூட, பொதுக் கழிப்பறை, பொதுச் சமையலிடம். "ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள்" என்ற அறிவுரைக்கு அந்த அறையில் இடமே இல்லை. ஆண்டு முடிவில் அரசே வெளியிட்ட கணக்குப்படி விடுதிவாசிகள் 3,23,000 பேரில் ஏறத்தாழ 1,52,000 பேர், அதாவது 47 சதவீதம் பேர், தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். விடுதிக்கு வெளியே மொத்த நாட்டிலும் பதிவான தொற்று சில ஆயிரம்தான். ஒரே தீவு, ஒரே அரசு, ஒரே மாதங்கள்!

இது புதிதல்ல. 1918 ஃப்ளூவில் பம்பாயில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற பதிவில் ஐரோப்பியர் 8.3, தாழ்த்தப்பட்ட சாதி இந்துக்கள் 61.6. பிற இந்துக்களும் முஸ்லிம்களும் 19ஐ ஒட்டி. ஃப்ளூ வைரஸ் சாதி பார்க்காது. ஆனால் வீட்டின் அளவு, தட்டில் விழும் சோறு, மருத்துவர் வருவாரா மாட்டாரா என்பதையெல்லாம் சாதியும் ஆட்சியும் முன்கூட்டியே பிரித்துக்கொடுத்திருந்தன.

பொதுமுடக்கத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். "வீட்டில் இரு" என்ற உத்தரவு வீடும் ஒரு மாதச் சேமிப்பும் உள்ளவருக்கு எழுதப்பட்டது. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு இந்தியாவில் அறிவிப்பு வந்தது, நான்கு மணி நேரத்தில் முடக்கம் தொடங்கியது. தினக்கூலியும் தங்குமிடமும் ஒன்றாகப் போன லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடக்கத் தொடங்கினார்கள். நடமாட்டத்தைக் குறைக்கப் போட்ட உத்தரவு பெரும் நடமாட்டத்தை உண்டாக்கிவிட்டது. முடக்கமே தவறு என்று நான் சொல்லவரவில்லை. ரேஷனும் பணமும் முதல் நாளே கைக்கு வந்திருந்தால் அதே முடக்கம் வேறுவிதமாக வேலை செய்திருக்கும்.

வன்முறையோடு போடும் தனிமைப்படுத்தலும் அப்படித்தான். 2014 ஆகஸ்டில் எபோலாவைத் தடுக்க லைபீரிய அரசு மன்ரோவியாவின் வெஸ்ட் பாயின்ட் குடிசைப் பகுதியை முள்கம்பியும் ராணுவமும் கொண்டு அடைத்தது. கலவரம், துப்பாக்கிச் சூடு, ஒரு சிறுவன் மரணம். பத்து நாளில் விலக்கிக்கொண்டார்கள். எபோலாவில் அதிகம் பரப்பியவற்றுள் ஒன்று இறுதிச்சடங்கு. இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்பும் வழக்கம். முதலில் உடலைப் பறித்துக்கொண்டு போனார்கள், குடும்பங்கள் இரவில் ரகசியமாகப் புதைத்தன. பிறகு, குடும்பத்தார் தள்ளிநின்று பார்க்கலாம், மதகுரு வந்து வேண்டலாம், கல்லறை எங்கே என்று தெரியும் என்று நடைமுறையை மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் மக்கள் தாங்களாகவே இறப்பைத் தெரிவிக்கத் தொடங்கினார்கள்.

தடுப்பூசி மறுப்பைப் பற்றிப் பேசும்போது 'அறியாமை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. 2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலம் போலியோ சொட்டு மருந்தைச் சுமார் ஓராண்டு நிறுத்திவைத்தது. போலியோ ஒழிந்திருந்த பல நாடுகளுக்கு அங்கிருந்து அது மறுபடி போனது. வதந்திகள் இருந்தன, உண்மை. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1996இல், அதே கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஒரு பன்னாட்டு மருந்து நிறுவனம் புதிய மருந்தைக் குழந்தைகளிடம் சோதித்தது, பெற்றோரிடம் முறையான ஒப்புதல் பெறவில்லை என்ற குற்றச்சாட்டு வழக்குவரை போனதும் உண்மை. 2011இல் பின்லேடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை அபோத்தாபாத்தில் போலியான தடுப்பூசி முகாமைப் பயன்படுத்தியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் பாகிஸ்தானில் போலியோ பணியாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். உளவாளிகளுக்கு ஒரு மாத வேலை, செவிலியர்களுக்குப் பல ஆண்டுச் சுமை.

நம்பிக்கையை அளக்க முடியுமா என்று கேட்பீர்கள். 2019இல் பெருந்தொற்றுக்குத் தயாராக இருக்கும் நாடுகள் என்று ஒரு பன்னாட்டுப் பட்டியல் வந்தது. முதலிடம் அமெரிக்கா, இரண்டாமிடம் பிரிட்டன். பிறகு நடந்ததை எல்லோரும் பார்த்தோம். 177 நாடுகளின் கோவிட் தரவுகளை அலசி 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அந்தத் தயார்நிலை மதிப்பெண்களுக்கும் தொற்று விகிதத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. மக்கள் அரசின்மீதும் ஒருவர்மீது ஒருவரும் வைத்திருந்த நம்பிக்கைக்குத்தான் தொடர்பு இருந்தது. சர்வாதிகாரம் நோயை நன்றாகக் கட்டுப்படுத்துமா, ஜனநாயகமா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் குறைந்ததும் இதனால்தான். வியட்நாமும் நியூசிலாந்தும் 2020இல் ஒன்றாகத் தப்பித்தன. தேர்தலில் வென்ற அதிபர் ஆண்ட பிரேசில், நடுப் பெருந்தொற்றில் ஒரே மாத இடைவெளியில் இரண்டு சுகாதார அமைச்சர்களை இழந்தது.

கடைசியாக, நாடுகளுக்கு இடையிலான அரசியல். ஹாம்பர்க்கின் தயக்கம் இங்கே உலக அளவில் திரும்ப வருகிறது. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா, புதிய திரிபு ஒன்றைக் கண்டோம் என்று உலக சுகாதார நிறுவனத்திடம் உடனடியாகத் தெரிவித்தது. பின்னர் ஒமைக்ரான் என்று பெயர் பெற்றது அதுதான். ஓரிரு நாட்களில் பணக்கார நாடுகள் வரிசையாகத் தென்னாப்பிரிக்க விமானங்களைத் தடைசெய்தன. நெதர்லாந்தில் நவம்பர் 19 அன்றே எடுத்த மாதிரியில் அந்தத் திரிபு இருந்தது பிறகு தெரியவந்தது. நல்ல ஆய்வகம் வைத்திருந்ததற்கும் மறைக்காமல் சொன்னதற்கும் கிடைத்த பரிசு அந்தத் தடை.

2007இல் இந்தோனேசியா வேறொரு கேள்வியை எழுப்பியது. பறவைக்காய்ச்சல் கிருமி மாதிரிகளை நாங்கள் இலவசமாக அனுப்புகிறோம், அதிலிருந்து தடுப்பூசி செய்யும் நிறுவனங்கள் எங்களுக்கு எட்டாத விலைக்கு விற்கின்றன, இனி அனுப்பமாட்டோம் என்றது. அப்போது பலர் அதைப் பிடிவாதம் என்றார்கள். 2021இல் பணக்கார நாடுகள் தங்கள் தேவைக்கு மேல் கோவிட் தடுப்பூசிகளை முன்பதிவு செய்துகொண்டபோது இந்தோனேசியாவின் கேள்வி பலருக்கும் புரிந்தது. காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்தக் கேட்டு இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வணிக அமைப்பில் முன்வைத்த கோரிக்கை, மிகவும் சுருங்கிய வடிவில், 2022 ஜூனில்தான் நிறைவேறியது. அதற்குள் அலைகள் பல ஓய்ந்துவிட்டன.

2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. கிருமி மாதிரியை அனுப்பும் நாட்டுக்குப் பதிலாக என்ன கிடைக்கும் என்பது பற்றிய இணைப்பை மட்டும் அதில் எழுதி முடிக்கவில்லை, பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.